இரண்டு பாஸ்போர்ட்

மேகம் மலையை விழுங்கிவிட்டுத் துறையில் மழையாக இறங்குகிறது. கப்பல் சங்கு ஊதுகிறது, எதிர்ப்பாறை அதைத் திருப்பி ஊதுகிறது. பாறைக்கு என்ன அவசரமோ. கப்பலைக் கரையோடு கட்டிய வடத்தை அவிழ்க்க நான் காத்து நிற்கிறேன். பயணி இங்கெலோர் அம்மா, கணவரின் குடையோடு, அவர் போன அருவிப் பாதையையே பார்க்கிறார். "கப்பல்காரங்க கூட்டிட்டுப் போனா காத்திருப்பாங்க. தனியாப் போனவருக்கு நிக்க மாட்டாங்கம்மா," என்கிறாள் துறைமுக அலுவலர் ராக்ன்ஹில்ட். வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கரையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். கப்பல் அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டோடு இறங்கி வருகிறார். "அவரோடது மட்டுமா, உங்களதும் சேர்த்தா?" என்று அம்மாவிடம் கேட்கிறார். பாதை வளைவில் ஆட்கள் தெரிகிறார்கள். "எதுவும் வேண்டாம். அதோ, வந்துட்டாரு பாருங்க!" என்கிறார் அம்மா. எங்களூர் மீட்புக்காரர்கள் நால்வர், தூக்குப்படுக்கையோடு. யாரும் அவசரப்படவில்லை. ராக்ன்ஹில்ட் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றுகிறாள். "ரெண்டையும் குடுங்க," என்கிறாள் அதிகாரியிடம், மெதுவாக.