வெயில் தின்ற மடிக்கணினி

"யா அல்லாஹ்! தொட்டுப் பாருங்க அபூ ஷஹத், ரொட்டி சுடுற தனூர் அடுப்பு மாதிரி கொதிக்குது!"

மடிக்கணினியின் மூடியில் வைத்த கையை எடுத்து உதறினாள் சாஜிதா.

அவள் கணவர் ஜப்பார் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டார். மகள் ஷஹத் பிறந்த நாளிலிருந்து பஸ்ரா ஊருக்கே அவர் அபூ ஷஹத்தான், ஷஹத்தின் அப்பா; அவள் உம் ஷஹத், ஷஹத்தின் அம்மா.

"நாள் பூரா ஓடுதில்ல? சூடாகாம என்ன செய்யும்?" என்றார் தரையைப் பார்த்தபடி.

"அந்த ஆபீசுல ஏசி செத்துப்போச்சா? மனுஷனையும் வறுக்கிறாங்க, மெஷினையும் வறுக்கிறாங்க! உங்க மேனேஜர் நல்லா இருப்பானா?"

"அவரை ஏன் திட்டுற உம் ஷஹத்? நல்ல மனுஷன்."

"உங்களுக்கு யாருதான் கெட்டவன்?"

ஈரத்துணியைப் பிழிந்து மூடியைத் துடைத்தாள். திருப்பி அடிப்பக்கத்தையும் துடைத்தாள். இரண்டு மரக்கரண்டிகளை மேசையில் கிடத்தி, கீழே காற்று போகட்டும் என்று அவற்றின் மேல் மடிக்கணினியை வைத்தாள். ஜுரம் கண்ட பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் இருந்தது. ஜப்பார் அவள் எடுத்து வைத்த வெண்டைக்காய்க் குழம்பையும் சோற்றையும் தட்டோடு தள்ளி வைத்தார்.

உள்ளேயிருந்து ஷஹத் குரல் கொடுத்தாள். "பாபா, ஹாதி மாமாகிட்ட காட்டுங்க. என்னோடது போன மாசம் விசிறி போய்ச் செத்துக் கிடந்துச்சே, பரீட்சைக்கு முந்தின நாள் அவர்தானே உயிர் குடுத்தாரு? உங்களோடதும் அதே மாடல்தான்."

"வேணாம், வேணாம். இதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அவசரமாக.

உண்மையாகவே ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக அவர் அதைத் திறந்ததே கிடையாது.

வேலை போய் நான்கு மாதம். கம்பெனி கடைசியாகக் கொடுத்ததில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துச் சம்பளம் என்று நீட்டினார். காலையில் சட்டை மாட்டிக் கிளம்புவார். வேலை கேட்டு நாலு படி ஏறி இறங்கிவிட்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார். காரை வெயிலில் விட்டுவிட்டு இவர் ஈச்ச மர நிழலில் உட்கார்ந்திருப்பார். மடிக்கணினி காரின் முன் இருக்கையில் கிடக்கும்.

முதல் நாள் அது தற்செயல்தான். வீடு திரும்பியதும் சாஜிதா அதைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு வேலையா வாங்குறாங்க?" என்று உருகிப் போனாள். மறுநாளிலிருந்து தெரிந்தே செய்தார். கண்ணாடிகளை ஏற்றி, வெயில் நேராக விழும்படி அதைத் திருப்பி வைப்பார். மூன்று மணிக்கு, சூடு ஆறுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்று வண்டியை விரட்டுவார். நாற்பத்தெட்டு வயது மனிதர், பாவம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க மாட்டார்.

மறு திங்கட்கிழமை ஒரு கதவு திறந்தது. ஒரு கப்பல் ஏஜெண்டிடம், சொந்த மடிக்கணினியில் கடிதம் எழுதும் வேலை. வீட்டில் சொல்லவில்லை. புது வேலையைச் சொன்னால் பழைய பொய்யையும் சொல்ல வேண்டுமே!

மேசையில் மடிக்கணினியைத் திறந்து பாதிக் கடிதம் அடித்திருப்பார். அடிப்பக்கம் தொட முடியாமல் சுட்டது. தீய்ந்த வாடை. திரை இருண்டது. ஆறவிட்டு மறுபடி போட்டார், மறுபடியும் அப்படியே.

"இந்தக் கிழட்டு ஒட்டகத்தையா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று சிரித்தார் முதலாளி. சிரிப்பு சட்டென்று நின்றது. "நாளைக்கு வேலை செய்யுற மெஷினோட வாங்க. இல்லேன்னா வேற ஆள் இருக்கான்."

மூன்று மணிக்கு அஷ்ஷார் கடைத்தெருவில் ஹாதியின் கடைவாசலில் நின்றார் ஜப்பார்.

"வாங்க அபூ ஷஹத், வாங்க கண்ணு! தேநீர் சொல்லட்டுமா?"

"தேநீர் இருக்கட்டும். நாளைக் காலைக்குள்ள இது ஓடணும் ஹாதி. பத்து நிமிஷத்துல அணைஞ்சிடுது."

"எப்போலேர்ந்து?"

"இன்னைக்குத்தான். நேத்து வரைக்கும் ஆபீசுல நாள் பூரா ஓடுச்சு."

"நாள் பூரா?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

ஹாதி திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினார். வட்டமாக ஒரு காலியிடம்.

"விசிறியே இல்லாமலா?"

ஜப்பாருக்குக் காது மடல்கள் எரிந்தன. "எ... எங்க போச்சு?"

"போன மாசம் நான்தான் கழற்றினேன். வெள்ளிக்கிழமை, நீங்க தூங்கிக்கிட்டிருந்தப்ப உம் ஷஹத் கொண்டுவந்தாங்க. பொண்ணுக்கு மறுநாள் பரீட்சை, ஊர்ல எங்கேயும் இந்த விசிறி கிடைக்கல. 'இதுலேர்ந்து எடுத்து அதுல போடுங்க'ன்னாங்க. அப்போ அவரு ஆபீசுல எப்படி வேலை செய்வாருன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'உள்ள ஓடியிருந்தா அடிப்பக்கம்தானே சுடும்? மூணு மாசமா மூடிதான் சுடுது, அடி வெதுவெதுன்னுகூட இல்ல'ன்னாங்க."

ஜப்பார் அந்த வட்டக் காலியிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்படியானால் நேற்று வரை அந்த ஈரத்துணி? அந்த மரக்கரண்டிகள்?

ஹாதி மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். மேலே 'அபூ ஷஹத்' என்று சாஜிதாவின் கையெழுத்து.

"புது விசிறி. அப்புறமா பாக்தாத்திலிருந்து வரவழைச்சுக் குடுத்து வச்சிருக்காங்க. 'ஓடலைன்னு அவரே வந்து நிக்கிற அன்னைக்கு மாட்டிக் குடுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்'னாங்க," என்ற ஹாதி எழுந்து கையை நீட்டினார். "வாழ்த்துகள், அபூ ஷஹத்! வேலை எங்க கிடைச்சிருக்கு?"