பக்கத்து வீட்டுச் சத்தம்

"அம்மா, வொசிஃபெரஸ்னா என்ன அர்த்தம்?"

குடிவந்த அன்றைக்கே மகள் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு. அம்மா ஆங்கில ஆசிரியை. பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பாத்திரம் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சும்மா கத்துறது இல்லடி. ஒரு விஷயம் பிடிக்கலைன்னு தொண்டை கிழியக் கத்தி, விடாம எதிர்ப்புக் காட்டுறது."

இதற்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றாள் மகள். அம்மா யோசிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதுவே வந்து சேர்ந்தது.

"எங்கே? என் நாற்காலி எங்கே?"

கரகரத்த ஆண் குரல். திரும்பத் திரும்ப அதே கேள்வி. நடுநடுவே மேசையை ஓங்கித் தட்டும் ஓசை வேறு.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய வீட்டில் மாடிக்காரர்கள் போட்ட சண்டையில்தான் மகள் போன தேர்வைக் கோட்டை விட்டிருந்தாள். அதற்காகவே வாடகை கூடுதலானாலும் பரவாயில்லை என்று இங்கே வந்தார்கள். பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது என்று வீட்டுக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். மனிதர் நன்றாகக் காதில் பூ சுற்றிவிட்டார்.

சத்தம் ஓய்கிற வழியாக இல்லை. ஆசிரியை கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்ப் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் ஆசிரியைக்கு வந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. ஒரு நாற்காலிக்காக இந்த வயதிலும் இப்படிப் பேச்சு வாங்க வேண்டுமா என்று பாவமாக இருந்தது.

"புதுசா குடிவந்திருக்கோம்க்கா. பொண்ணுக்குப் பரீட்சை. சார்கிட்ட கொஞ்சம் சொல்லி..."

"நாற்காலியை நான்தாம்மா ஒளிச்சு வச்சேன்," என்றார் அந்த அம்மாள், குரலைத் தணித்து. நேற்று அவருக்குக் கொடுத்த காப்பியில் வேண்டுமென்றே சர்க்கரை போடவில்லையாம். முந்தாநாள் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டாராம்.

ஆசிரியைக்குத் தலை சுற்றியது. யார்மேல் இரக்கப்படுவது என்றே தெரியவில்லை.

"ஏன்க்கா வேணும்னே வம்பை விலைக்கு வாங்குறீங்க? எடுத்துக் குடுத்துடுங்களேன்."

"குடுத்துடுறேன்மா. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

உள்ளே குரல் மறுபடியும் எழும்பியது. அந்த அம்மாளின் முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவர் ஒரு வார்த்தை பேசலைம்மா. அவரா கேட்காம எதையும் கையில குடுக்காதீங்கன்னு பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்க சொன்னாங்க. இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்கார்."

ஆசிரியை அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவசரப்படாம குடுங்கக்கா," என்றாள்.