காயிலின் உதை

எழில்வாணன் வீட்டிலேயே செய்த பின்பால் விளையாட்டுப் பெட்டியில் பந்து என்பது திரையில் ஓடும் வெறும் படம். அது மோதும்போதெல்லாம் பெட்டியின் மரப்பலகையை ஓங்கி அடித்து, ஆடுகிறவர் கைக்கு அதிர்வைக் கொடுப்பது கம்பி சுற்றிய ஒரு மின்காயிலின் வேலை. அந்தக் காயிலுக்கு, தன்னோடு பற்றவைத்திருந்த பொடி டையோடைக் கண்டாலே ஆகாது.

“அடிக்கிறது நான். நீ எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்க?”

“ஒவ்வொரு அடிக்கப்புறமும் உன் கரண்ட் திருப்பி உதைக்குதுண்ணே. போர்டுமேல படாம அதை நான் வாங்கிக்கிறேன்.”

காயிலுக்குக் கரண்ட் அனுப்பும் சர்க்யூட் போர்டு பக்கத்திலிருந்து சிரித்தது. “என்மேல ஒரு உதைகூட விழுந்ததில்லையே! புளுகுறான்.”

காயிலுக்குக் குஷி பிறந்தது. அன்றுமுதல் இன்னும் ஓங்கி அடித்தது. அதிர்ந்து அதிர்ந்து டையோடின் பற்று தளர்ந்துபோனது.

“ஒரு கால் ஆட ஆரம்பிச்சிடுச்சுண்ணே. கொஞ்சம் மெதுவா அடி.”

“விழுந்தா விழு.”

டையோடு விழுந்தது. அடுத்த அடியிலேயே உதை நேராகப் பட்டு போர்டு கருகியது. தன் உதை எப்பேர்ப்பட்டது என்று காயிலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூடியைத் திறந்த எழில்வாணன், அடியில் கிடந்த டையோடை எடுத்தான். “எல்லாம் இந்தச் சனியனாலதான்,” என்று ஜன்னல் வழியே வீசினான்.

பிறகு காயிலைத் துணியால் துடைத்து, “நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல,” என்று தட்டிக்கொடுத்தான்.