இடது கால்

“வலது கால் மட்டும்,” என்று பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை மறுபடியும் சொல்லிக்கொண்டே போனார். “சாமிக்கு முட்டி வலி. ஆளுக்கு ரெண்டு கால்னா விடிஞ்சிரும்.”

பலிபீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். முதல் நாற்காலியில் அவள்.

இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். வழக்கமாகப் பெரிய மனிதர்கள் உட்காரும் நாற்காலிகள். இந்த வருடம் சாயப்பட்டறை ஆட்கள் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதலாளிக்கு அதில் சந்தோஷம்தான். முதல் பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பட்டறை ஆட்கள் எல்லோரும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். சாமியார் கழுவப்போவது கழுவிய கால்களை.

அவளும் தேய்த்தாள். வலது கால் வெளுத்தது. இடது கால் எப்போதும் வெளுப்பதில்லை.

பட்டறையில் துணி பிழியும் இயந்திரத்துக்கு ஒரு மிதி உண்டு. வலது கால் நாள் முழுக்க மிதியின் மேல் இருக்கும். இடது கால் தரையில், வடிந்து ஓடும் சாயத் தண்ணீரில். பூட்ஸ் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்கா கேட்பாள், அவர்கள் அந்தப் பக்கம் போன பிறகு.

காலில் புண் வந்தவர்களை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். சாமியார் ஒருமுறை நேரில் போய்க் கேட்டார்.

“சர்க்கரை சாமி. டீயில அள்ளிப் போட்டுக் குடிச்சா கால் எங்க ஆறும்?”

சாமியார் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அதனால்தான் பட்டறையில் பேசி வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் இடது காலை நீட்டுவது. ஒரு கால் என்றால் சர்க்கரை என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டு கால்களுக்கு என்ன சொல்வார்?

பேச்சு மேஸ்திரியின் காதுக்குப் போய்விட்டது. காலையில் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு நடுவில் வந்து நின்றார்.

“காலக் காட்டப் போறாங்களாம், கால. எவளாவது இடது கால நீட்டினா அந்தக் கால் மறுபடி இந்த வாசல மிதிக்காது. சொல்லிட்டேன்.”

ஒருத்தி பயந்து பின்வாங்கினாள். அந்த நாற்காலிக்கு மேஸ்திரி தன் பெயரையே கொடுத்துவிட்டார். கடைசி நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய காலும் தெரியும்.

பாடகர் குழுவில் அவளுடைய மகள் பாடிக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. ஈஸ்டர் கழிந்ததும் அம்மாவுக்குப் பக்கத்து மிதியில் அவளுக்கு வேலை. முதலாளி பெரிய மனது பண்ணிக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல வீட்டில் வழியில்லை.

மகள் அங்கே போய் நிற்பதற்குள் இதை யாராவது பார்த்துவிட வேண்டும்.

சாமியார் குவளையோடு வந்து, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்.

அவள் இடது செருப்பைக் கழற்றினாள்.

“வலது கால்மா,” என்று கோயில்பிள்ளை குனிந்து கிசுகிசுத்தார்.

அவள் காலை எடுக்கவில்லை.

கணுக்கால் வரை நீலம். நகங்கள் இருந்த இடத்தில் நகங்கள் இல்லை. குதிகால் பிளந்திருந்தது. தண்ணீர் பட்டதும் கால் தானாக ஒருமுறை துள்ளியது. சாமியார் அதை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

“சர்க்கரையா?”

“இல்ல சாமி. சாயத் தண்ணி.”

சாமியார் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

அடுத்தது பெரியக்கா. அவள் முதல் பெஞ்சைப் பார்த்தாள். கடைசி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வலது காலை நீட்டினாள்.

“மன்னிச்சுக்கடி,” என்றாள், உதடு அசையாமல்.

அதற்கடுத்து வலது கால். அதற்கும் அடுத்து வலது கால். தண்ணீர் தாம்பாளத்தில் விழும் சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சுத்தமான கால்கள். எல்லாம் வெளுத்த கால்கள்.

ஒரு கால் என்றால் சர்க்கரைதான். வேலையும் போயிற்று. இனி மகள் அந்த மிதிக்குப் போயே ஆக வேண்டும்.

பாட்டு முடிந்துவிட்டது. கடைசி நாற்காலியில் மேஸ்திரி இன்னும் ஷூவைக் கழற்றவில்லை. சாமியார் மண்டியிட்டபடியே காத்திருந்தார்.

மேஸ்திரி குனிந்து லேஸை அவிழ்த்தார். காலுறையை மெதுவாக உருட்டி இறக்கினார், ஒட்டியிருந்த இடங்களில் நின்று நின்று.

இடது கால்.

அந்த நீலம் பழைய நீலம், ஏறக்குறையக் கறுப்பு. இரண்டு விரல்கள் இல்லை.

இந்த முறை சாமியார் எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரிதான் சொன்னார், முதல் பெஞ்சுக்குக் கேட்கும்படி.

“மேஸ்திரி ஆகுறதுக்கு முன்னாடி நானும் மிதியில நின்னவன்தான் சாமி. எனக்குச் சர்க்கரை கிடையாது.”

பிறகு முதல் நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

“என் ஒருத்தன் வேலை போனா போதும்னுதான் இவளுங்கள அதட்டி வச்சேன்,” என்றார். “சொன்ன பேச்சு கேக்காம முந்திக்கிட்டா, கழுதை.”