அசையாத மீன்கொத்தி

அம்பாசமுத்திரத்துக்குக் கீழே, தாமிரபரணியின் செங்குத்தான மண்கரை. அதிலிருக்கும் மீன்கொத்திப் பொந்தைக் காலையிலேயே ஈரக் களிமண்ணால் அடைத்தாயிற்று. உச்சிவெயிலில் அது காய்ந்து ஓடாகிக் கிடக்கிறது. உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன. தாய்ப்பறவை அலகில் மீனோடு பாய்ந்து வந்து அடைப்பில் மோதுகிறது, எதிரே நட்டிருக்கும் குச்சியில் உட்காருகிறது, மறுபடி பாய்கிறது. பறவை உள்ளே போகாமல் குச்சியில் உட்காரட்டும் என்று பொந்தை அடைக்கவைத்த சிவசைலம் பிள்ளை, படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் பல்லைக் கடிக்கிறார். பறவை அசைந்தால் படம் பதியும் கண்ணாடித் தகட்டில் வெறும் புகைதான் விழும். "ஐயா, சத்தம் கொறஞ்சிக்கிட்டே வருது. மண்ணைத் தட்டி விட்டிரட்டுமா?" என்று கெஞ்சுகிறான் பெட்டி சுமந்து வந்த மாடக்கண்ணு. "சும்மா கெடலே! துரைமார் மாதிரி சுட்டா தள்ளுதேன்? நாங்க சைவம். ஒரு உசிரைத் தொட மாட்டோம்." மீன் வாடை தாங்காமல் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

கொஞ்ச நேரத்தில் பொந்துக்குள் சத்தம் அடங்கிப்போகிறது. பறவை தலையைச் சாய்த்துக் கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கிறது. மீன் அலகிலேயே தொங்க, குச்சியில் சிலையாக உட்கார்ந்துவிடுகிறது. "பாத்தியாலே, இப்பந்தான் ஒழுங்கா இருக்கு" என்று பூரித்துப்போய், பிள்ளை பைய லென்ஸின் மூடியைக் கழற்றுகிறார்.