ஒரே ஒரு ஊஹூம்

"ஊஹூம்."

இன்சூரன்ஸ் கம்பெனியின் முதலீட்டுக் கமிட்டியில் நாலு தலைகள் மேலும் கீழும் ஆட, ஐந்தாவது தலை மட்டும் பக்கவாட்டில் ஆடியது.

அது ரிஸ்க் அதிகாரியின் தலை. பதவிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் ஆடுகிறது. மின்விசிறியாவது கரண்ட் போனால் நிற்கும். ஆபீசில் அந்த அம்மாளுக்கு 'ஊஹூம் மேடம்' என்றே பெயர்.

ஐந்து பேரில் ஒருவர் மறுத்தாலும் கம்பெனியின் பணம் நகராது. அது விதி.

எதிரே சேர்மனின் மாப்பிள்ளை. தான் கட்டும் வணிக வளாகத்தில் பாலிசிதாரர்களின் பணத்தைப் போடச் சொல்லி வந்திருந்தார். அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் கழுத்து டாக்டரிடம் போய்விட்டார்களாம். மீதிப் பேர் இன்னும் மொட்டை மாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பதினாலு சதவீதம் தர்றேங்கிறார். சர்க்கார் பத்திரம் அதுல பாதிகூடத் தராதேம்மா!" என்றார் கணக்கு அதிகாரி.

"தராது சார். ஆனா கேட்ட அன்னைக்குப் பணம் கைக்கு வரும். வெள்ளம் வந்து ஒரே நாள்ல ஆயிரம் பேர் கிளெய்முக்கு வந்து நின்னா, லிஃப்டைக் கழட்டியா கொடுப்பீங்க?"

யாருக்கோ சிரிப்பு வந்தது. சேர்மன் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நொட்டை சொல்றதுக்குன்னே ஒருத்தருக்குச் சம்பளமா, மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"இன்னொண்ணு இருக்கு சார். அந்தக் கட்டடத்துக்குத் தீ இன்சூரன்ஸும் நம்மகிட்டதான். அது எரிஞ்சா நஷ்ட ஈடும் நாமதான் கொடுக்கணும், போட்ட முதலும் சாம்பல். ஒரே தீயில ரெண்டு தடவை வேகணுமா?"

சேர்மன் மேஜையைத் தட்டிய தட்டில் டீக் கோப்பைகள் எழுந்து நின்று உட்கார்ந்தன.

"வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க. வந்து தலையை ஒழுங்கா ஆட்டுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து இந்த ரூம்ல உங்க நாற்காலி இருக்காது!"

வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஒரே ஒரு தடவை ஆட்டிட்டு வாயேன். கழுத்தென்ன சுளுக்கிக்கவா போகுது? பொண்ணு இன்னும் காலேஜ் முடிக்கலை" என்றார் அவர்.

"நம்ம பாலிசியும் இங்கதாங்க இருக்கு. நம்மள மாதிரி எத்தனை குடும்பம்! அவங்க பணத்தை வெச்சா நான் தலையாட்டறது?"



"சரி, வந்துடு. டிபன் பாக்ஸை அங்கேயே மறந்து வெச்சுடாதே."

உள்ளே போனாள். எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஊஹூம்."

அதற்கப்புறம் சேர்மன் போட்ட கூச்சலைச் சொல்லி மாளாது. மூன்று மாடி கீழே வாசலில் நின்ற வாட்ச்மேன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் வைத்தாராம். மாப்பிள்ளை எழுந்து போனார்.

அவள் தன் இடத்துக்கு வந்து டிபன் பாக்ஸ், குடை, மாற்று மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.  தலை மட்டும் இன்னும் பக்கவாட்டில்தான் ஆடிக்கொண்டிருந்தது.

பியூன் வந்தார். "சேர்மன் கூப்பிடறாரும்மா."

தோளில் பையோடேயே போனாள்.

சேர்மன் ஜன்னலோரம் நின்று, மாப்பிள்ளையின் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். பிறகு திரையை இழுத்துவிட்டார். கதவைச் சாத்தினார். தன் கையாலேயே ஒரு கோப்பை டீ ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

"உட்காருங்கம்மா. ரொம்பப் பலமாத் திட்டிட்டேனோ?"

அவள் விழித்தாள்.

"கிளெய்ம் டிபார்ட்மென்ட்ல யாருக்கும் தலையாட்டாத ஆளுன்னு விசாரிச்சு, உங்களை இந்தக் கமிட்டியில போட்டதே நான்தாம்மா. மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரா நான் முடியாதுன்னா, அப்புறம் பொண்ணு வீட்டு வாசப்படி மிதிக்க முடியுமா? அடுத்த மாசம் ஏதோ ஓட்டல் கட்டறேன்னு மறுபடி வர்றார். இதே மாதிரி கெட்டியா நிக்கணும். நானும் இதே மாதிரி திட்டிடறேன்."

அவள் டீயைத் தொடவில்லை. பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"நிக்கறேன் சார். ஆனா அந்தத் தடவை எனக்கு முன்னாடி நீங்க ஒரே ஒரு தடவை ஊஹூம்னு சொல்லுங்க. ஊரு பணத்துக்குக் காவல் நீங்கதானே?"

சேர்மன், சாத்தியிருந்த கதவை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஊஹூம்."