பச்சைப் புள்ளி

கம்பெனி கொடுத்த கண்ணாடியை அவள் கண்ணில் மாட்டியதும் துணியின் மேல் நீலக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் மேலேயே ஊசி ஓட வேண்டும்.

கோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி. வரிசையிலுள்ள பன்னிரண்டு பேரும் அந்த நேரத்தில் தைக்கும் சராசரி வேகத்துக்கு ஈடுகொடுத்தால் பச்சை. பின்தங்கினால் சிவப்பு, கூடவே ஒரு கீச்சொலி. கை நின்றாலும், கண் ஜன்னல் பக்கம் போனாலும் கண்ணாடிக்குத் தெரிந்துவிடும்.

மதியத்துக்குள் மூன்று கீச்சொலி கேட்டால் அவளுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்து நான்கே நாள். இந்தக் கையோடு போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

‘கடவுளே, போயும் போயும் ஒரு கண்ணாடிகிட்ட என்னைத் தோக்க விட்டுடாதே.’

முதல் காலரிலேயே கீச்சென்றது. இரண்டாவதிலும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பக்கத்து மெஷினில் சூறாவளி; எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவளைவிட வேகமாகத் தைக்க ஆளில்லை. வாயும் அதே வேகம்தான்.

“என்ன மகாராணி, துணிக்கு வலிக்குமேன்னு தடவித் தடவித் தைக்கிறியா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இவள் முன்னாலா தலை குனிவது?

நூல் எடுக்கப் போகிற சாக்கில் சூறாவளி எழுந்தாள். வரிசையின் கடைசிவரை நடந்து, ஒவ்வொருத்தி காதிலும் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும்.

மூன்றாவது காலர். புள்ளி பச்சை.

நான்காவதும் பச்சை.

வலி தோள்வரை ஏறியது. நீலக் கோடு கண்ணீரில் கலங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையை எடுக்கவில்லை. மதிய மணி அடிக்கும்வரை பச்சை மாறவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நிமிர்ந்து, சூறாவளியை நேருக்கு நேர் பார்த்தாள். இப்போது பேசேன் பார்க்கலாம்!

அதற்குள் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்னம்மா நடக்குது இங்க? தினமும் மதியத்துக்குள்ள அறுநூறு காலர் வர்ற வரிசையில இன்னைக்கு முந்நூறுகூட வரலையே!”



சூறாவளி மெல்ல எழுந்து, தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கை வலி சார்,” என்றாள். “எங்க எல்லாருக்கும்.”